ஆப்ஜெக்ட் கோப்பில் இருக்கும் பெயர்



லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் ஜிசிசி கம்பைலருக்கென்று ஒரு ஹெடர் கோப்பு உண்டு. அதில் பல ஆண்டுகள் ஒரு தடை எழுதப்பட்டிருந்தது. உங்களிடம் இருப்பது ஜிசிசி 4.1.0 அல்லது 4.1.1 என்றால் கெர்னலை பில்ட் செய்ய முடியாது. இந்தப் பதிப்பு வீக் என்ற குறிப்பைத் தவறாகக் கம்பைல் செய்கிறது என்ற செய்தியோடு வேலை அங்கேயே நின்றுவிடும். இரண்டும் 2006-இல் வெளிவந்த பதிப்புகள். கெர்னல் எழுதுகிறவர்கள் பழைய கம்பைலர்களோடு பொறுமையாக ஒத்துப்போகிறவர்கள். கம்பைலரில் ஒரு குறை தெரிந்தால், அதற்குச் சுற்றுவழி ஒன்றை எழுதி, பக்கத்தில் ஒரு குறிப்பையும் வைத்துவிட்டு மேலே போவது அவர்கள் வழக்கம். இந்தக் குறைக்கு அப்படிச் செய்யாமல் தடையே போட்டார்கள். இந்த வகைத் தவறு சத்தம் போடாது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த முடிவின் நியாயம் விளங்கும். நிரல் கம்பைல் ஆகும், லிங்க் ஆகும், ஓடவும் செய்யும். ஓடுவது மட்டும் நீங்கள் நினைத்த ஃபங்ஷனாக இருக்காது.

கம்பைலரைச் சோதிப்பது என்றவுடன் பலர் மனத்தில் வருவது, ஒரு நிரலைக் கொடுத்து, ஓட்டி, விடை சரியா என்று பார்ப்பதுதான். கூட்டல் கழித்தலுக்கும் லூப்புக்கும் அது போதும். வீக் சிம்பல், நேம் மேங்க்ளிங் என்ற இரண்டு இடங்களில் அது போதாது. அங்கே ஆப்ஜெக்ட் கோப்பைத் திறந்து, உள்ளே என்ன பெயர் எழுதியிருக்கிறது, அதற்குப் பக்கத்தில் என்ன குறி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

வீக் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கோப்புகளில் ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் இருந்தால் லிங்கர் ஏற்காது. ஒரே பெயருக்கு இரண்டு வரையறை என்று பிழை சொல்லி நிறுத்தும். அந்த இரண்டில் ஒன்றை வீக் என்று அறிவித்திருந்தால் லிங்கர் மற்றதை எடுத்துக்கொள்ளும். மற்றது இல்லாவிட்டால் வீக்கையே எடுத்துக்கொள்ளும். எல்ஃப் வகை ஆப்ஜெக்ட் கோப்பில் ஒவ்வொரு சிம்பலுக்கும் பைண்டிங் என்று ஒரு எண் உண்டு: லோக்கலுக்கு 0, குளோபலுக்கு 1, வீக்குக்கு 2. கெர்னலில் எல்லாச் சிப்புகளுக்கும் பொதுவான ஒரு ஃபங்ஷனை வீக்காக எழுதிவைப்பார்கள். ஏதாவது ஒரு சிப்புக்குத் தனி வேலை தேவைப்பட்டால், அந்தச் சிப்புக்கான கோப்புறையில் அதே பெயரில் சாதாரண ஃபங்ஷன் ஒன்றை எழுதினால் போதும். பொதுவான கோப்பில் கை வைக்க வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே வருகிறது? வீக் ஃபங்ஷனும் அதை அழைக்கும் இடமும் பெரும்பாலும் ஒரே கோப்பில் இருக்கும். கம்பைலருக்கு அந்த ஃபங்ஷனின் உடல் கண்முன்னே தெரிகிறது. ஆப்டிமைசர் என்ன செய்யும்? சின்ன உடல் என்றால் அழைத்த இடத்திலேயே விரித்துப்போடும். வெற்று உடல் என்றால், இதனால் எந்த விளைவும் இல்லை என்று முடிவெடுத்து அழைப்பையே நீக்கிவிடும். சாதாரண ஃபங்ஷனுக்கு இரண்டும் நல்ல வேலை. வீக்குக்கு இரண்டுமே அத்துமீறல். லிங்க் செய்யும்போது வேறொரு உடல் வந்து உட்காரலாம் என்று நிரல் எழுதியவருக்கு வாக்குக் கொடுத்த பிறகு, கண்முன் இருக்கும் உடலை வைத்துக் கம்பைலர் எதையும் முடிவு செய்யக் கூடாது.

இதற்கான சோதனையைப் பாருங்கள். முதல் கோப்பில் 1 என்று திருப்பித்தரும் ஒரு வீக் ஃபங்ஷன். அதே கோப்பில் அதை அழைக்கும் இன்னொரு ஃபங்ஷன். இரண்டாம் கோப்பில் அதே பெயரில், 2 என்று திருப்பித்தரும் சாதாரண ஃபங்ஷன். முதல் கோப்பை மட்டும் லிங்க் செய்தால் விடை 1. இரண்டையும் சேர்த்தால் 2. கமாண்டில் கோப்புகளின் வரிசையை மாற்றினாலும் 2. இதை ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஓட்டிவிட்டு, சோதனை தேறியது என்று பச்சைக்கொடி காட்டுவதில் பயனே இல்லை. ஆப்டிமைசேஷன் இல்லாத நிலையில் கம்பைலர் எதையும் விரிப்பதில்லை; தவறு செய்ய வாய்ப்பே கிடைப்பதில்லை. ஓ1, ஓ2, ஓ3, ஓஎஸ் என்று எல்லா நிலைகளிலும் ஓட்ட வேண்டும். எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் பார்த்து ஆப்டிமைஸ் செய்யும் எல்டிஓ முறையிலும் ஓட்ட வேண்டும்.

இதன் மறுபக்கம் இன்னும் நுட்பமானது. வரையறையே இல்லாமல், வெறும் அறிவிப்பை மட்டும் வீக் என்று எழுதலாம். எங்கேயும் வரையறை கிடைக்காவிட்டால் லிங்கர் குறை சொல்லாமல் முகவரியில் 0 போட்டுவிடும். ஆகவே, இந்த ஃபங்ஷன் இருந்தால் அழை, இல்லாவிட்டால் விடு என்று முகவரியைச் சோதித்து எழுதுவார்கள். சாதாரண ஃபங்ஷனின் முகவரி 0 ஆக இருக்கவே முடியாது என்பது கம்பைலருக்குத் தெரியும்; அப்படிப்பட்ட சோதனையை அது தேவையற்றது என்று தூக்கிவிடும். வீக் என்றால் தூக்கக் கூடாது. தூக்கினால் நிரல் 0 என்ற முகவரிக்குப் போய் விழும்.

இந்த இடத்தில் உண்மையாகவே பலரைத் தடுக்கிவிட்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். லினக்ஸில் சி++ த்ரெட் பயன்படுத்தும் நிரலை முழு ஸ்டாட்டிக்காக லிங்க் செய்தால், ஓடத் தொடங்கியதும் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழுந்துவிடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஜிசிசியின் நூலகம் பித்ரெட் ஃபங்ஷன்களை வீக்காகக் கேட்கும். ஸ்டாட்டிக் நூலகம் என்பது பல ஆப்ஜெக்ட் கோப்புகளின் தொகுப்பு. லிங்கர் தேவைப்பட்டதை மட்டும் அதிலிருந்து உருவும். வீக்காகக் கேட்டால் அதைத் தேவை என்று கணக்கில் எடுக்காது. சில ஃபங்ஷன்கள் வேறு காரணத்தால் உள்ளே வந்துவிடும், சில வராது. வராதவற்றின் முகவரி 0. நூலகம் முழுவதையும் உள்ளே இழுத்துவிடு என்று லிங்கருக்குத் தனியாகச் சொல்லித்தான் இதைச் சமாளித்தார்கள். 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34 என்ற சி நூலகப் பதிப்பு, பித்ரெட் நூலகத்தைத் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்ட பிறகுதான் இந்தச் சிக்கலின் வேர் போயிற்று.

இதிலிருந்து என் சோதனைக்கு இன்னொரு வரிசை கிடைக்கிறது. மேலே சொன்ன இரண்டாம் கோப்பை நேரடியாகக் கொடுக்காமல் ஒரு ஸ்டாட்டிக் நூலகத்துக்குள் வைத்துக் கொடுங்கள். விடை என்ன? 1. வீக் வரையறை ஒன்று ஏற்கெனவே கையில் இருப்பதால், லிங்கர் அந்தப் பெயரைத் தேடி நூலகத்துக்குள் போகவே போகாது. அதே வரையறை வெளியே கோப்பாக நின்றால் 2, நூலகத்துக்குள் போனால் 1. எந்தக் கம்பைலரும் இங்கே தவறு செய்யவில்லை. ஆனாலும் இது சோதனைத் தொகுப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பேன். எது சரியான விடை என்று எழுதிவைக்காத சோதனைத் தொகுப்பில், நாளை ஒருவர் இதையே குறை என்று எண்ணித் திருத்தப் போவார்.

ஆப்ஜெக்ட் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும் என்றேன். அதற்கு என்எம் என்ற சிறு கருவி போதும். சாதாரண ஃபங்ஷனுக்குப் பக்கத்தில் டி என்றும், வீக்குக்குப் பக்கத்தில் டபிள்யூ என்றும், வரையறை இல்லாததற்கு யூ என்றும் காட்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. சி++-இல் இன்லைன் ஃபங்ஷனும் டெம்ப்ளேட்டும் அவை பயன்படும் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பிரதியாக உண்டாகும். லிங்கர் அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிட வேண்டும் என்பதற்காக அவற்றுக்கும் வீக் குறியே போடப்படுகிறது. என்எம் அங்கும் டபிள்யூ என்றுதான் காட்டும். இரண்டு டபிள்யூவும் ஒன்றா? கம்பைலருக்கு இல்லை. இன்லைன் ஃபங்ஷனின் எல்லாப் பிரதிகளும் ஒரே மாதிரி இருக்கும் என்று சி++ மொழியின் விதி உறுதி சொல்கிறது; ஆகவே அதை விரித்துப்போடலாம். நாமாக வீக் என்று எழுதியதற்கு அந்த உறுதி கிடையாது. கிளாங் கம்பைலருக்கு அடித்தளமான எல்எல்விஎம் தன் இடைநிலை மொழியில் இந்த இரண்டையும் வேறு வேறு சொல்லால் குறிக்கிறது: ஒன்றுக்கு லிங்க்ஒன்ஸ் ஓடிஆர், மற்றதற்கு வெறும் வீக். ஆப்ஜெக்ட் கோப்புக்கு வந்து சேரும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஆகவே வீக் சிம்பலுக்கான சோதனை இரண்டு தளங்களில் நடக்க வேண்டும். இடைநிலை மொழியில் எந்த வகை என்று ஒரு முறை, ஆப்ஜெக்ட் கோப்பில் எந்தக் குறி என்று ஒரு முறை.

இனி மேங்க்ளிங். ஒரே வகுப்பில் மூன்று செந்தில்கள் இருந்தால் வருகைப் பதிவேட்டில் கே. செந்தில், ஆர். செந்தில், எம். செந்தில் என்று இனிஷியல் போட்டுப் பிரிக்கிறோமே, அதே வேலைதான் இதுவும். சி++-இல் ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருக்கலாம்; வாங்கும் ஆர்கியுமென்டுகள் வேறுபட்டால் போதும். லிங்கருக்கு ஆர்கியுமென்ட் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது பெயர் மட்டும். பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் பெல் ஆய்வகத்தில் சி++-ஐ உருவாக்கிய காலத்தில், ஒவ்வொரு கணினியிலும் இருந்த லிங்கரை மாற்றச் சொல்லும் நிலையில் அவர் இல்லை. 1989-இல் வந்த ஆன்சி சி தரம்கூட, வெளியில் தெரியும் பெயரில் முதல் 6 எழுத்துகளுக்குத்தான் உத்தரவாதம் தந்தது என்றால், அன்றைய லிங்கர்கள் எவ்வளவு குறுகியவை என்று எண்ணிப் பாருங்கள்.

அவருடைய சிஃப்ரன்ட், சி++-ஐ சி மொழியாக மாற்றித் தரும் கம்பைலர். 1985 அக்டோபரில் வணிக வெளியீடு. அதில் ஒரே பெயரைப் பல முறை பயன்படுத்த வேண்டுமானால் ஓவர்லோட் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். முதலில் வரும் ஃபங்ஷன் தன் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளும், அடுத்து வருவதற்குத்தான் ஒட்டு. எது முதலில் அறிவிக்கப்பட்டது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும் என்றால், இரண்டு கோப்புகள் இரண்டு வரிசையில் அறிவித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 1989-இல் வந்த 2.0 வெளியீட்டில்தான் எல்லா ஃபங்ஷன்களின் பெயரிலும் ஆர்கியுமென்ட் வகைகளைச் சேர்த்து எழுதும் முறை வந்தது. அதனால் கூடுதலாக ஒரு நன்மையும் கிடைத்தது. ஒரு கோப்பு ஃபங்ஷனை ஒரு வகையில் அறிவித்து, இன்னொரு கோப்பு வேறு வகையில் வரையறுத்தால், பெயர்கள் பொருந்தாமல் லிங்கரே பிடித்துக் கொடுத்துவிடும்.

இன்று ஜிசிசியும் கிளாங்கும் பின்பற்றுவது இட்டேனியம் ஏபிஐ என்ற விதித்தொகுப்பு. இன்டெலின் இட்டேனியம் சிப்புக்காகப் பல நிறுவனங்கள் சேர்ந்து எழுதியது. அந்தச் சிப்பின் கடைசி விநியோகம் 2021-இல் முடிந்துவிட்டது. அதற்காக எழுதிய பெயர் விதிதான் நம் லினக்ஸ் கணினிகளிலும் ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் நிற்கிறது.

விதியைக் கிட்டத்தில் பார்ப்போம். ஆங்கில எழுத்துகளை ஒலித்தே சொல்கிறேன். இரண்டு இன்ட் வாங்கும் ஆட் என்ற ஃபங்ஷனின் பெயர்: அண்டர்ஸ்கோர், இசட், 3, ஏ, டி, டி, ஐ, ஐ. முதல் இரண்டும் இது சி++ பெயர் என்பதற்கு அடையாளம். 3 என்பது பெயரின் நீளம். இரண்டு ஐயும் இரண்டு இன்ட். அதே ஃபங்ஷன் இரண்டு டபிள் வாங்கினால் கடைசியில் ஐ, ஐ போய் டி, டி வரும். ஏ-வுக்குப் பிறகு வரிசையாக நான்கு டி. பெயர் எங்கே முடிந்தது, வகை எங்கே தொடங்கியது என்று சொல்வது அந்த 3 மட்டும்தான்.

இந்தப் பெயரில் திருப்பித்தரும் வகை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கோப்பில் இன்ட் தருவதாக அறிவித்து, இன்னொரு கோப்பில் டபிள் தருவதாக வரையறுத்தால், லிங்கர் மறுபேச்சின்றி இணைத்துவிடும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் பெயர் விதி வேறு. அது கேள்விக்குறியில் தொடங்கும், திருப்பித்தரும் வகையையும் எழுதும். ஒவ்வொரு விதியும் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்பதும் சோதனையில் இடம்பெற வேண்டியதுதான்.

நீளமான பெயர்களைச் சுருக்க, ஒரு முறை வந்த பகுதியை அடுத்த முறை எண்ணால் குறிப்பார்கள். ஃபூ என்ற வகைக்கான பாயின்டரை இரண்டு முறை வாங்கும் ஃபங்ஷனில், முதல் ஆர்கியுமென்ட் பி, 3, எஃப், ஓ, ஓ என்று முழுதாக வரும். இரண்டாவது வெறும் எஸ், 0, அண்டர்ஸ்கோர். ஃபூ என்ற வகைக்கு எண் இல்லாத எஸ், அண்டர்ஸ்கோர். அதன் பாயின்டருக்கு 0. டெம்ப்ளேட்டுக்குள் டெம்ப்ளேட், அதற்குள் லாம்டா என்று போகும்போது எந்தப் பகுதிக்கு எந்த எண் என்று எண்ணுவதில் கம்பைலர் ஓரிடத்தில் ஒன்று தவறினாலும், அதற்குப் பின்வரும் எல்லா எண்களும் மாறிவிடும். ஒரே கம்பைலரால் எல்லாவற்றையும் கம்பைல் செய்தால் இந்தத் தவறு வெளியே தெரியாது. அழைக்கும் இடத்திலும் வரையறையிலும் ஒரே தவறான பெயர், இரண்டும் பொருந்தும், நிரல் சரியாக ஓடும். ஓட்டிப் பார்க்கும் சோதனை ஆயிரம் எழுதினாலும் ஒன்றும் பிடிபடாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஜிசிசியின் சோதனைத் தொகுப்பில் கம்பாட் என்று ஒரு பகுதி இருக்கிறது. நிரலின் பாதியை ஒரு கம்பைலராலும் மறுபாதியை இன்னொன்றாலும் கம்பைல் செய்து, சேர்த்து ஓட்டும் ஏற்பாடு அது. மற்றது, எதிர்பார்க்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து சோதனையிலேயே எழுதிவிட்டு, கம்பைலர் தரும் அசெம்பிளியில் அது இருக்கிறதா என்று தேடுவது. ஜிசிசியில் இதற்கு டெஜாக்னூ என்ற சட்டகம்; எல்எல்விஎம்மில் ஃபைல்செக்.

தேடுவதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஒரே ஒரு இன்ட் வாங்கும் ஆட் ஃபங்ஷனின் பெயரைத் தேடுகிறீர்கள். கம்பைலர் தவறாக இரண்டு இன்ட் வாங்குவதாகப் பெயர் எழுதிவிட்டது. இரண்டு ஐ உள்ள பெயருக்குள் ஒரு ஐ உள்ள பெயர் முழுதாக அடங்கியிருக்கிறது. தேடல் கிடைத்தது என்று சொல்லும், சோதனை தேறிவிடும். ஆகவே பெயருக்கு முன்னே வரியின் தொடக்கமும், பின்னே முக்காற்புள்ளியோ இடைவெளியோ வர வேண்டும் என்று கட்டிவைக்க வேண்டும். ஜிசிசியின் பழைய மேங்க்ளிங் சோதனைகள் பலவற்றில் அப்படியே இருக்கும். அவற்றில் பெயருக்கு முன் கூடுதலாக ஒரு அண்டர்ஸ்கோர் வரலாம், வராமலும் இருக்கலாம் என்று ஒரு இடமும் விட்டிருப்பார்கள். மேக் கணினியில் எல்லாச் சிம்பலுக்கும் முன்னால் ஒன்று கூடுதலாக வரும் என்பதற்கான ஏற்பாடு அது. இப்படிப்பட்ட ஒரு வரியை வாசிக்கும்போது எனக்கு அதை எழுதியவர்மேல் மரியாதை வருகிறது.

சரி, தவறான பெயர் பிடிபட்டுவிட்டது. திருத்திவிடலாமா? இங்கேதான் மேங்க்ளிங் மற்றப் பிழைகளிலிருந்து விலகி நிற்கிறது. பெயரைத் திருத்தினால், பழைய கம்பைலரால் உண்டாக்கிய நூலகங்கள் புதிய நிரலோடு இணையாது. அதனால் ஜிசிசியில் ஏபிஐ பதிப்பு என்று ஒரு எண் உண்டு. அதில் 2 என்பது 2004-இல் வந்த ஜிசிசி 3.4-இல் தோன்றி, 2014-இல் வந்த 4.9 வரை இயல்பான தேர்வாக இருந்தது. பத்தாண்டுகள். அதற்கிடையில் கண்டுபிடித்த பிழைகளுக்கெல்லாம் திருத்தம் எழுதி, 3, 4, 5 என்று அடுத்தடுத்த எண்களில் வைத்தார்கள். கேட்டால் மட்டும் கிடைக்கும். கேட்காதவர்களுக்குத் தவறான பெயரே தொடர்ந்து கிடைத்தது. சோதனைத் தொகுப்பும் அதற்கேற்ப இருக்க வேண்டும்: இந்த எண்ணுக்கு இந்தத் தவறான பெயர், அந்த எண்ணுக்கு அந்தச் சரியான பெயர். தவறு என்று தெரிந்தே, அது மாறாமல் இருக்கிறதா என்று காவல் காக்கும் சோதனைகள் அவை. புதிதாகச் சேரும் இளைஞர்கள் இவற்றைப் பார்த்துத் திகைப்பார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உலகத்தில் ஏற்கெனவே இருக்கும் நூலகங்களுக்குக் கம்பைலர் எழுதுகிறவர்கள் காட்டும் பொறுப்பு இது.

வீக்கும் மேங்க்ளிங்கும் ஒன்றோடொன்று மோதும் இடம் ஒன்று உண்டு. எம்பெடட் துறைக்குப் போகும் மாணவர்கள் இதைக் கட்டாயம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டெக்ஸ் எம் வகை மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு ஸ்டார்ட்அப் கோப்பு ஒன்று வரும். அதில் ஒவ்வொரு இன்டரப்டுக்கும் ஒரு ஹேண்ட்லர் பெயர் வீக்காக அறிவிக்கப்பட்டிருக்கும். அவை எல்லாமே டிஃபால்ட் ஹேண்ட்லர் என்ற ஒரே இடத்தைக் காட்டும். அங்கே இருப்பது முடிவில்லாத லூப். உங்களுக்கு டைமர் இன்டரப்ட் வேண்டுமானால் சிஸ்டிக் ஹேண்ட்லர் என்ற பெயரில் சாதாரண ஃபங்ஷன் எழுதினால் போதும், வீக் விலகி வழி விடும்.

அந்த ஃபங்ஷன் இருக்கும் கோப்பை சி மொழியில் எழுதினால் எல்லாம் நலம். அதையே சி++ கோப்பாக மாற்றிவிட்டு, எக்ஸ்டர்ன் சி என்ற குறிப்பைப் போடாமல் விட்டால் என்ன ஆகும்? கம்பைலர் பெயரை மேங்கிள் செய்யும்: அண்டர்ஸ்கோர், இசட், 15, சிஸ்டிக் ஹேண்ட்லர், வி. ஸ்டார்ட்அப் கோப்பு தேடுவது இந்தப் பெயரை அல்ல. வீக் இல்லாத உலகமாக இருந்தால் லிங்கர் உடனே பெயர் கிடைக்கவில்லை என்று கூச்சலிட்டிருக்கும். இங்கே வீக் வரையறை கையில் இருப்பதால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதிய ஃபங்ஷனும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதை யாரும் அழைக்கவில்லை. முதல் டைமர் இன்டரப்ட் வந்ததும் போர்டு முடிவில்லாத லூப்பில் நின்றுவிடும். கம்பைலர், லிங்கர் இரண்டும் விதிப்படி நடந்தன; எச்சரிக்கை ஒன்றுகூட வரவில்லை. இறுதிக் கோப்பில் என்எம் ஓட்டி, ஹேண்ட்லர் பெயருக்குப் பக்கத்தில் டபிள்யூ இருக்கிறதா, டி இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரியை உங்கள் பில்டில் சேர்த்தால், ஆசிலாஸ்கோப் வைத்துத் தேடும் வேலை மிச்சம்.

கடைசியாக, நம் எழுத்தோடு தொடர்புள்ள ஒன்று. கிளாங் நெடுங்காலமாகவும், 2020-இல் வந்த ஜிசிசி 10 முதல் ஜிசிசியும், யுடிஎஃப்-8-இல் எழுதிய அடையாளப் பெயர்களை ஏற்கின்றன. தமிழிலேயே ஃபங்ஷனுக்குப் பெயர் வைக்கலாம். கூட்டு என்று பெயர் வைத்து இரண்டு இன்ட் வாங்கினால் மேங்கிள் ஆன பெயர்: அண்டர்ஸ்கோர், இசட், 18, கூட்டு, ஐ, ஐ. கூட்டு நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ககரம், ஊகாரக் குறி, டகரம், புள்ளி, டகரம், உகரக் குறி என்று 6 குறியீடுகள். யுடிஎஃப்-8-இல் தமிழுக்கு ஒரு குறியீட்டுக்கு 3 பைட். ஆக 18.

இப்போது கொடு என்ற பெயரை எடுங்கள். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என்று இரண்டு குறியீடாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. முதல் வகையில் 4 குறியீடு, 12 பைட். இரண்டாம் வகையில் 5 குறியீடு, 15 பைட். ஒரு கோப்பில் ஒருவர் ஒரு வகையிலும், இன்னொரு கோப்பில் மற்றவர் இன்னொரு வகையிலும் தட்டச்சு செய்துவிட்டால், லிங்கர் கொடு என்ற ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று சொல்லும். நீங்கள் பக்கத்துக் கோப்பைத் திறந்தால் கொடு அங்கே இருக்கும். பிழைச் செய்தி பெயரை டிமேங்கிள் செய்து அழகாகக் காட்டுவதால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். மேங்கிள் ஆன பெயரைப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கிவிடும்: ஒன்றில் 12, மற்றதில் 15. டிமேங்கிள் ஆன பெயரை வைத்துச் சோதனை எழுதாதீர்கள் என்று நான் மாணவர்களிடம் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இதற்குத் தரத்திலேயே விடை உண்டு. பிரித்து எழுதக்கூடியதைச் சேர்த்த வடிவிலேயே எழுத வேண்டும் என்று, யூனிகோடின் என்எஃப்சி வடிவத்தை சி++23 கட்டாயமாக்கியிருக்கிறது. ஜிசிசியும் அந்த வடிவில் இல்லாத பெயருக்கு எச்சரிக்கை தரும். ஒகரக் குறிக்கும் ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும், தனித்து நிற்கும் ஔ என்ற எழுத்துக்கும் இந்தச் சோதனையைத் தனித்தனியே எழுத வேண்டும்.

அதோடு முடியவில்லை. கௌ என்பதை ஔகாரக் குறியோடு எழுதுவது முறை. பலர் எகரக் குறியும் ளகர எழுத்துமாகத் தட்டச்சு செய்கிறார்கள்; பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முறைப்படி எழுதியது 6 பைட், மற்றது 9 பைட். யூனிகோடின் பார்வையில் இவை உண்மையாகவே வேறு வேறு பெயர்கள். என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது, ஒன்றாக்கவும் கூடாது; கெளிறு என்று மீனின் பெயரை ஒருவர் ஃபங்ஷனுக்கு வைத்தால் அங்கே ளகரம்தான் சரி. ஆகவே இந்த ஜோடிக்கான சோதனை, கம்பைலர் எச்சரிக்கை தராமல் இரண்டு வேறு சிம்பல்களை, ஒன்றில் 6, மற்றதில் 9 என்ற எண்ணோடு எழுதுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக் கோப்பில் இரண்டு பெயர்களையும் வெறும் எழுத்தாக விடாமல், யூனிகோட் எண்களால் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்து அதைத் திருத்தும் எடிட்டர் ஒன்றை மற்றதாக மாற்றி வைத்தாலும் படிப்பவருக்குத் தெரியாது.